பந்தற் காய்கள்: உணவும் மருந்தும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் ஏதேனும் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது முதலில் தயங்கினோம். இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். இசை பேச வல்லவர்கள் இருக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு, செகந்திராபாத் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் எழுத்தர்களாகிய நாம் எதைப் பேசுவது? ஆயினும், கொல்லைப்புறத்தில் பந்தல் போட்டுச் சுரையும் பீர்க்கும் புடலும் பாகலும் வளர்ப்பதில் நமக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அதைச் சொன்னவுடன், "அதையே பேசுங்கள்" என்று செயலாளர் கூறிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. மேடைச் சுரைக்காயும் அவ்வாறே போய்விடாமல், வீடு சென்றபின் உதவக்கூடிய சில செய்திகளையேனும் சொல்ல முயல்கிறோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. காலையில் நம் குடியிருப்புப் பூங்காவில் உலவும் பெரியவர்கள் பலர் கையில் பச்சை நிறச் சாறு நிரம்பிய புட்டி ஒன்றைக் காண்கிறோம். சிலருடையது சுரைச்சாறு, சிலருடையது பாகற்சாறு, இரண்டையும் கலந்து பருகுவோரும் உளர். சாறு பருகத் தொடங்கியபின் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையுடன் கூறிய ஒருவரையும் அறிவோம். இவர்கள் நம் அண்ணன்மார், நம் மாமன்மார். இவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று நம்மிடம் உள்ளது. அதற்கு முன், இக்காய்களின் நன்மைகளையும் கூறிவிடுவது முறையாகும்.

முதலில் பெயர்களைப் பற்றிச் சிறிது. புதிதாக இவ்வூருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் மொண்டா மார்க்கெட்டுக்கோ, 1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரைத்து பஜார்களுக்கோ சென்று காய்கறி வாங்க அஞ்சுகின்றன. அஞ்ச வேண்டுவதே இல்லை. பீர்க்கங்காயைத் தெலுங்கர் பீரகாய என்பர். சுரைக்காயைச் சொரகாய என்பர். ஆனபகாய என்றும் கூறுவதுண்டு. புடலங்காய் பொட்லகாய. பாகற்காய் மட்டும் காகரகாய என்று சற்று விலகி நிற்கிறது. கோவைக்காயைத் தொண்டகாய என்று அவர்கள் சொல்லும்போது நம்மில் சிலர் விழிக்கிறோம். உண்மையில் பழந்தமிழ் நூல்களில் கோவைக் கனிக்குத் தொண்டை என்னும் பெயர் உண்டு. நாம் மறந்த சொல்லைப் பக்கத்து வீட்டார் நமக்காகக் காத்து வைத்திருக்கிறார்கள். வெண்பூசணியைத் திருநெல்வேலியார் தடியங்காய் என்றும், தஞ்சையார் கலியாணப் பூசணி என்றும், யாழ்ப்பாணத்தார் நீற்றுப் பூசணி என்றும் அழைப்பர். தெலுங்கில் அது பூடித கும்மடிகாய. பூடிதம் என்றால் சாம்பல், அதாவது நீறு. குழப்பம் விளைவிப்பது ஒரே ஒரு சொல்தான். இவ்வூர் முஸ்லிம் அன்பர்கள் சுரைக்காயைக் கத்தூ என்பர். வடநாட்டில் அச்சொல் பூசணியைக் குறிக்கும். டெல்லிப் பக்கமிருந்து மாற்றலாகி வரும் தோழர்கள் கத்தூ கேட்டுச் சுரைக்காயோடு வீடு திரும்புவதை நாம் பார்த்ததுண்டு.

இவை நேற்று வந்த கொடிகள் அல்ல. புறநானூற்றின் 116ஆம் பாட்டில் கபிலர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தந்தையாகிய பாரியையும் பறம்பு மலையையும் இழந்த பெண்கள் இருவர், வேற்றிடத்துச் சிறு மனையொன்றில் தங்கியிருக்கிறார்கள். அம்மனையைச் சுற்றிப் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. அங்குள்ள குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை அவர்கள் எண்ணுகிறார்கள். முன்னொரு காலத்தில் போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள்! சரக்கு வண்டிப் பெட்டிகளை எண்ணிக் குறிப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மவர் சிலர்க்கு இப்பாட்டு மிகவும் நெருங்கியதாகத் தோன்றும். ஊர்விட்டு ஊர் வந்தவர் மனையில் சுரைக்கொடி ஏறுவது 2000 ஆண்டுப் பழக்கம் என்றும் இதனால் கொள்ளலாம்.

சுரைக்கொடியும் ஊர்விட்டு ஊர் சென்றதே. அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பர் ஆராய்ச்சியாளர். கொலம்பஸ் அமெரிக்கா செல்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பழங்குடியினர் சுரைக்குடுக்கையைப் பயன்படுத்தியிருக்கின்றனர். அது எவ்வாறு அங்குச் சென்றது என்பது நெடுங்கால வினா. 2014ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலில் மிதந்தே காய்கள் அமெரிக்கா சேர்ந்திருக்க வேண்டும் என்று கூறுகிறது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகிய நம் கிராமத்துப் பெரியவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். சற்றுமுன் இம்மேடையில் ஒலித்த வீணையைப் பாருங்கள். தண்டியின் மேற்பக்கத்தில் தொங்கும் குடுக்கை பழைய நாளில் உண்மையான சுரைக்காயாகவே இருந்தது. இக்காலத்தில் அதைக் காகிதக் கூழாலும் செயற்கைப் பொருளாலும் செய்கிறார்கள்.

பரங்கிக்காயின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அது அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள். இன்று தெலங்கானப் பெண்டிர் பதுக்கம்மா அடுக்கும்போது பரங்கிப் பூவை வைத்து வழிபடுகிறார்கள். வந்தேறிக்கு இதைவிடச் சிறந்த வரவேற்பு வேறென்ன வேண்டும்!

இனி வளர்ப்பு முறைக்கு வருவோம்.

இவ்வூர் மண் பெரும்பாலும் பாறைமேல் படிந்த செம்மண். நீர் விரைவில் வடிந்துவிடும், உரம் தங்காது. ஆதலால் கொடிக்காய்களுக்குக் குழி எடுப்பதே முதல் வேலை. ஒன்றரை அடி ஆழமும் அதே அகலமும் கொண்ட குழி தோண்டி, அதில் வரும் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் நன்றாக உள்ள இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். இந்தக் களைதலுக்குத்தான் நம் இல்லத்தரசிகள் இசைவதில்லை. ஐந்தையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் உணவு போதாமல் செய்துவிடுகிறார்கள். பாகல், புடல் விதைகளுக்குத் தோல் கடினம். இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும்.

பட்டம் இரண்டு. முதல் மழை விழுந்தபின் ஜூன் கடைசி முதல் ஆடி வரை ஒன்று. தைத் திங்களில் மற்றொன்று. ஆடிப் பட்டத்தில் செலவே இல்லை. மழையே பாதி வேலையைச் செய்துவிடும். தைப் பட்டத்துக் கொடி பங்குனி, சித்திரை வெயிலில் வாடும். நீரை ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி மறுநாள் மறந்துவிடும் வழக்கம் கூடாது. நாள்தோறும் அளவாக ஊற்ற வேண்டும். இதன் பிறிதொரு காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். குழாயில் நீர் வராத நாட்களில் அரிசி களைந்த நீரும் பருப்புக் கழுவிய நீரும் போதும்; சோப்பு நீர் வேண்டா.

பந்தலுக்கு ஆறடி உயரம் போதும். நான்கு கம்பங்களும் பழைய கம்பியும் கயிறும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். தரையில் படர விடலாகாதா என்று கேட்பர். பரங்கியையும் வெண்பூசணியையும் தரையில் விடலாம். குவார்ட்டர்ஸின் கூரைமேலும் ஏற்றலாம். பீர்க்கையும் புடலையும் பாகலையும் தரையில் விட்டால் காய் வளைந்து அழுகும். பந்தலில் தொங்கும் புடல் பிஞ்சும் சில சமயம் சுருண்டுகொள்ளும். அதன் நுனியில் நூலால் சிறு கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அது நேராக நீளும். குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை வேறு இல்லை. மாடிக் குடியிருப்பில் உள்ளோர் வருந்த வேண்டா. பெரிய தகர டின்னில் பாகல் வளரும். கோவைக்கு விதைகூட வேண்டா. விரல் பருமனுள்ள தண்டு ஒரு சாண் வெட்டி நட்டால் தளிர்க்கும். ஆனால் கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. காய்த்த கொடியிலிருந்து வெட்டிய தண்டே வேண்டும்.

கொடி பூத்ததும் வீடுகளில் ஒரு கவலை எழும். "நிறையப் பூக்கிறது, ஒன்றும் காய்க்கவில்லை; கண்ணேறு பட்டுவிட்டது" என்பார்கள். பழைய செருப்பு பந்தலில் தொங்கத் தொடங்கும். உண்மை யாதெனில், சுரை, பீர்க்கு, புடல், பாகல் யாவற்றிலும் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். முதலில் வருவன பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்ந்துதான் போகும். சில நாள் பொறுத்தால் பெண்பூக்கள் வரும். பூவின் அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. சுரைப்பூ வெண்மையானது, மாலையில் விரியும். பீர்க்கம் பூ மஞ்சள். அதுவும் மாலையிலேயே மலரும். புடலின் பூ நூலிழை போன்ற ஓரங்களுடன் இரவில் விரிவது. அதைப் பார்க்காமல் உறங்கச் செல்வோர் ஓர் அழகை இழக்கிறார்கள். இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளே சுரைக்கு மகரந்தம் கொணர்வன. விளக்கு வெளிச்சமும் வாகனப் புகையும் மிகுந்த நகரத்தில் அவை குறைவு. ஆகவே மாலைப் பொழுதில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு வீடு சேரும் குமாஸ்தாவுக்கென்றே இயற்கை வகுத்த வேலை இது.

பகைகளுள் முதன்மையானது பழ ஈ. அது பிஞ்சைத் துளைத்து முட்டையிடும். காய் வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே புழுத்திருக்கும். பிஞ்சைச் செய்தித்தாளால் தளர்வாகச் சுற்றிக் கட்டிவிட்டால் பெரும்பகுதி காப்பாற்றலாம். துளையிட்ட புட்டியில் ஈரக் கருவாட்டுத் துண்டு வைத்துத் தொங்கவிட்டால் அதன் மணம் ஈக்களை இழுக்கும். கருவாடு வாங்காத வீட்டார் பக்கத்து வீட்டாரிடம் பெற்றுக்கொள்ளலாம். அதனால் நட்பும் வளரும். புழுத்த காயைப் பந்தலடியில் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். செந்நிற வண்டுகள் தளிரைத் தின்றால், காலைப் பனி உலருமுன் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவலாம். எரிவாயு அடுப்புக் காலத்தில் சாம்பலுக்கு எங்கே போவது என்றால், தெருமுனையில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டி இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டு திங்களில் பறிக்கத் தொடங்கலாம். பிஞ்சாகப் பறிப்பதே முறை. நகம் எளிதில் இறங்கினால் அது உண்ணத் தக்க பதம். விருந்தினர்க்குக் காட்டுவதற்கென்று சுரைக்காயைத் தொட்டில் குழந்தை அளவுக்கு வளர விடுவோர், பின்னர் அதைக் கோடரி கொண்டுதான் பிளக்க வேண்டும்.

உணவைப் பற்றித் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே சுருக்கமாகச் சொல்லுவோம். பீர்க்கின் தோலைச் சீவி எறியாதீர்கள்; மிளகாய், உளுந்தம்பருப்பு, புளியோடு வதக்கித் துவையலாக அரைத்தால் காயைவிடத் தோலுக்கே போட்டி மிகும். இதைத் தெலுங்கு வீடுகளிலும் பச்சடி என்று செய்வர். அவர்கள் காரம் நம் காரத்தைப் போன்று மும்மடங்கு. வெண்பூசணியில் அவர்கள் இடும் வடியம் நம் வடகத்துக்கு அக்காள். ஹைதராபாத் முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் சுரைக்காயும் கடலைப் பருப்பும் சேர்ந்த தால்ச்சாவைச் சுவைத்தவர் நம்முள் பலர். துருவிய சுரைக்காயைப் பாலில் வேகவைத்து அவர்கள் ஆக்கும் கத்தூ கீரைப் பாயசம் என்று நம்பி உண்டு, அது சுரைக்காய் என்று கேட்டு வியக்காதவர் இலர். மழைக்காலத்தில் மட்டும் இவ்வூர்ச் சந்தையில் முள்முள்ளான சிறு பச்சைக் காய் ஒன்று கோழிக்கறிக்கு நிகரான விலையில் விற்கும். போட காகர என்பர். நம் பழுபாகல் அதுவே. விலையைக் கேட்டு ஓடாமல் ஒருமுறை கால் கிலோவேனும் வாங்கி வதக்கிப் பாருங்கள்.

இக்காய்களில் சத்து என்ன உள்ளது? விடை கூறும் நிறுவனம் நம் குடியிருப்புக்கு மிக அண்மையில் தார்நாகாவில் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இவ்வூரில் பிறந்ததன்று. 1918ஆம் ஆண்டு நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவரால் சிறிய ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கப்பெற்றது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்தது. 1969இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து மாற்றலில் வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர் பட்டியலில் அதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். அந்நிறுவனத்தார் 2017இல் 528 உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டனர். சுரை, புடல், பீர்க்கு, வெண்பூசணி யாவும் பெரும்பங்கு நீரே. 100 கிராமில் 95 கிராம் அளவுக்கு நீர் என்று கொள்ளலாம். கலோரி மிகக் குறைவு. பாகலில் வைட்டமின் சி நிரம்ப உண்டு. இதனால் அறியத்தக்கது யாது? இவை வயிற்றை நிரப்பும், உடலைப் பெருக்கா. மேசையில் அமர்ந்தே எட்டு மணி நேரம் போக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதைவிடத் தக்க கறி இல்லை. 2024இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உண்பவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும் உண்ண வேண்டும் என்கிறது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு முருங்கைக்காயால் அவ்வளவு நிரம்பாது. ஒரு கிண்ணம் புடலங்காய்க் கூட்டு வேண்டும்.

மருந்து என்ற முறையில் பார்ப்போம். நம் சித்த மருத்துவத்தில் பிஞ்சுப் புடலும் பிஞ்சுப் பீர்க்கும் பத்தியக் கறிகள், நோயாளி உண்ணலாம். பாகற்காயை மட்டும் மருந்து உண்ணும் காலத்தில் அகத்திக்கீரையோடு சேர்த்து விலக்குவர். மருந்தை முறிக்கும் என்பது அவர்கள் கொள்கை. வெண்பூசணி லேகியம் உடல் மெலிவுக்கும் உட்சூட்டுக்கும் தரப்படுவது. சார்மினாருக்கு அருகே உள்ள நிஜாமியா யூனானி மருத்துவமனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யூனானி ஹக்கீம்கள் சுரை விதையின் எண்ணெயை உறக்கம் வாராதோர் தலையில் தேய்க்கத் தருவார்கள். அதன் பெயர் ரோகன் கத்தூ ஷீரீன். ஷீரீன் என்றால் இனிமை. சுரையில் இனியது, கசப்பது என்று இரு வகை உண்டு. கசப்பதை அவர்கள் கத்தூ தல்க் என்று பிரித்தே பேசுவர்.

சர்க்கரை நோய்க்குப் பாகல் நல்லது என்பதைக் கேளாதவர் இல்லை. பாகல் பற்றி உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒருங்கே ஆய்ந்த காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர், அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று கூறப் போதிய சான்று இல்லை என்று 2012இல் எழுதினர். கோவையைப் பற்றிப் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. 60 பேரிடம் நடந்த அதில் ஓரளவு நற்பயன் தெரிந்தது. ஆனால் அங்குத் தந்தது அளவறிந்து வடித்த சத்து. நாம் வதக்கும் கோவைக்காய்க் கறி அன்று. பாகற்காயைக் கறியாக வாரம் இருமுறை உண்ணுங்கள், அதனால் நன்மையே. மாத்திரையோடு நாள்தோறும் ஒரு கோப்பை சாறும் பருகினால் சிலர்க்குச் சர்க்கரை வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கிவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் நம்பினால் மேலே ஏறிவிடும். கருவுற்ற பெண்கள் பாகற்சாற்றை மருந்தாகப் பருகுதல் கூடாது. மாத்திரையின் அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் லாலாகூடா ரயில்வே மருத்துவமனை மருத்துவரின் வேலை. அதை அவரிடமே விட்டுவிடுவோம்.

இனித் தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருகிறோம்.

2010ஆம் ஆண்டு டெல்லியில், அறிவியல் துறையில் பணியாற்றிய ஒருவர், வழக்கம்போல் காலையில் சுரைச்சாற்றைப் பாகற்சாற்றோடு கலந்து பருகினார். அன்று சாறு மிகவும் கசந்தது. உடனே வாந்தியும் வயிற்றுப் போக்கும் கண்டு, சில நாளில் உயிர் துறந்தார். அதே சாற்றைப் பருகிய அவர் மனைவி நோயுற்றுப் பிழைத்தார். இதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 2012இல் வெளியாயிற்று. சுரை, வெள்ளரி, பூசணி இனத்துக் கொடிகள் தம்மைத் தின்னும் விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ளக் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சை உண்டாக்கும் ஆற்றல் உடையவை. நாம் உண்ணும் வகைகளில் அது மிகக் குறைவு; சில காய்களில் மட்டும் திடீரென மிகுந்துவிடும். கடும் வெயிலும், நீர் சீராகக் கிடையாமையும் அதைக் கூட்டும். நாள்தோறும் அளவாக நீர் ஊற்றச் சொன்னதன் காரணம் இதுவே. காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்த விதையிலிருந்தும் கசப்புக் கொடி பிறக்கும். அந்நஞ்சு வயிற்றையும் குடலையும் புண்ணாக்கி, இரத்தம் கசியச் செய்து, இரத்த அழுத்தத்தை வீழ்த்தும். அதற்கு மாற்று மருந்து இல்லை. நோயின் குறிகளுக்கு மருத்துவம் செய்து காப்பாற்றலாம். விரைந்து செல்ல வேண்டும்.

சமைத்தால் தீரும் என்று எண்ணற்க. 2015இல் ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்னும் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த பூசணி இனத்துக் காயைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். அக்கறியும் கசந்தே இருந்தது.

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை என்பதே நமக்கு வியப்பளிப்பது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்ற சொற்களைக் கேட்டிருக்கிறீர்களா? உருவில் ஒன்றாகவே இருந்து கசக்கும் காய்க்குத் தமிழன் பேய் என்ற அடைமொழியைக் கொடுத்து விலக்கி வைத்தான். தெலுங்கன் அதற்கு வெர்ரி, அதாவது பித்து, என்ற அடைமொழியைக் கொடுத்தான். வெர்ரி பீர, வெர்ரி புச்ச என்பார்கள். ஹக்கீம்கள் தல்க் என்றார்கள். சரக சம்ஹிதையில் கசப்புச் சுரைக்கு இக்ஷ்வாகு என்னும் பெயரில் தனி அத்தியாயமே உண்டு. அது உணவு என்பதற்காக அன்று, வாந்தி எடுப்பிக்கும் மருந்து என்பதற்காக. வைத்தியன் நோயாளியின் அருகிருந்து அளந்து தந்த பொருளை, நாம் கசப்பெல்லாம் மருந்தென்று கோப்பை நிறையப் பருகுவது எவ்வளவு பேதைமை!

நம் பாட்டிமார் சுரைக்காயையோ வெள்ளரிக்காயையோ அரியுமுன் ஒரு துண்டு கிள்ளி நாவில் வைத்துப் பார்த்ததை நினைவுகூருங்கள். கசந்தால் காயையே எறிந்தார்கள். மருத்துவக் கழகத்தின் குழுவும் இதையே கூறியது: சாறு பிழியுமுன் துண்டு ஒன்றைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும், சுரைச்சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்கக் கூடாது, பருகியபின் குமட்டலோ வயிற்று வலியோ கண்டால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். கலவாமையின் காரணம் தெளிவு. பாகல் இயல்பிலேயே கசப்பது. அதன் கசப்பு இந்நஞ்சின் கசப்பு அன்று. ஆயினும் பாகற்சாற்றில் சுரையின் பேய்க் கசப்பு ஒளிந்துகொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. கெட்ட சுரைக்காயைப் பாகற்சாற்றில் மறைக்க முடியும். இஞ்சி, எலுமிச்சை, புதினா சேர்த்துப் பருகுவோரும் இதை நினைக்க வேண்டும். ஒரு கொடியில் ஒரு காய் நன்றாக இருந்ததாலேயே மறுகாயும் நன்றாக இருக்கும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் சுவைத்தே ஆக வேண்டும். சுவைத்த துண்டைத் துப்பிவிடுங்கள். விலை கொடுத்து வாங்கினோமே என்று கசந்த காயைச் சமைக்க வேண்டா. கால்நடைக்கும் இட வேண்டா.

நாளைக் காலை பூங்காவில் பச்சைப் புட்டியோடு வரும் பெரியவரிடம் இளைஞர்கள் இதை மரியாதையோடு சொல்லுங்கள். "மாமா, இன்றைக்குக் காயைச் சுவைத்துப் பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். சினந்துகொண்டாலும் மறுநாள் சுவைத்துப் பார்ப்பார்.

விதையைப் பற்றி ஒரு சொல். வேலியோரத்தில் தானாக முளைத்த கொடியிலிருந்தோ, யாரோ எறிந்த முற்றிய காயிலிருந்தோ விதை எடுத்து ஊன்றாதீர்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமோ அரசு விதை நிலையமோ தரும் விதை நலம். சொந்த விதையே வேண்டுவோர் இவ்வாறு செய்யலாம்: நாளை மலரவிருக்கும் பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் நூலால் கட்டிவைத்து, மறுநாள் மாலை அவிழ்த்துக் கையால் மகரந்தம் தடவி, மீண்டும் பெண்பூவைக் கட்டிவிட வேண்டும். அந்தக் காய்க்கு ஓர் அடையாள நூல் கட்டி, கொடியிலேயே முற்றிக் காய விட வேண்டும். அக்கொடியின் மற்றக் காய்கள் யாவும் இனிமையாக இருந்தால் மட்டுமே விதையை எடுக்கலாம்.

அரங்கின் வாயிலருகே உள்ள மேசையில் இவ்வாறு எடுத்த சுரை விதையும் பீர்க்கு விதையும் சிறு காகிதப் பொட்டலங்களில் வைத்திருக்கிறோம். பொட்டலத்துக்கு ஐந்து விதை. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். குழியை இந்த ஞாயிறே தோண்டிவிடுங்கள். மாடிவீட்டார்க்குக் கோவைத் தண்டு ஈரச் சாக்கில் சுற்றி மேசைக்கடியில் இருக்கிறது.